கோவளம் பதிவில் இருந்த இரைச்சல்

கேளம்பாக்கம் முனையில் ஷேர் ஆட்டோ ஏறினால் எனக்கு முன் சீட்டுதான் வேண்டும். டிரைவருக்குப் பக்கத்தில், பாதி உடம்பு வெளியே தொங்க. அந்தச் சனிக்கிழமை காலையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் என் ஆபீஸ் நண்பன். கோவளத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் பாடகியை அவன் கேட்டதே இல்லை என்று சொன்னான். கேட்டதே இல்லையா? விடுவேனா? போனை எடுத்து முழுச் சத்தத்தில் கோவளம் பதிவைப் போட்டேன்.

எங்கள் பாடகி என்றால், தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுபவர். இப்போது பெரிய அரங்குகளில், பின்னால் பத்துப் பேர் வாசிக்கப் பாடுகிறார். அதெல்லாம் ஊருக்கு. நாங்கள் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழு. எங்களுக்கு அவர் கல்லூரிப் பெண்ணாக இருந்தபோது, ஒற்றைக் கிடாரோடு பாடியதை யார் யாரோ போனில் பிடித்த பதிவுகள்தான் உயிர். அவற்றில் கிரீடம் கோவளம் பதிவு. அவருடைய முதல் மேடை. கடற்கரையில், ஒரு சாயங்காலம், இருபத்துமூன்று நிமிடம்.

அதில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்ன அமைதி வரும். ஒரு நொடி, சில இடத்தில் இரண்டு. பிறகுதான் குரல். அந்த அமைதிக்காகவே நாங்கள் செத்தோம். ஒருவர் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதினார். அலை ஓயும் வரை காத்திருந்து பாடுகிறார் என்று இன்னொருவர் கணக்கிட்டே காட்டினார். நானும் நம்பினேன்.

குழுவுக்கு அந்தப் பதிவு வந்தபோது அதில் ஏகப்பட்ட இரைச்சல். காற்று, பிளாஸ்டிக் நாற்காலியில் யாரோ தட்டும் தாளம், எல்லாவற்றுக்கும் மேல் போனுக்கு மிக அருகில் முணுமுணுக்கும் ஓர் ஆண் குரல். பாடகி பாடுவதற்கு முன்பே அந்த ஆள் வரியைச் சொல்லிவிடுவார். அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்துச் சிரித்தோம். மூன்று வாரம் உட்கார்ந்து, நொடி நொடியாக அவரை நீக்கியவன் நான். குழுவின் சலவைக்காரன் என்று எனக்குப் பட்டமே உண்டு. சுத்தமான பிரதி வந்ததும் அழுக்குப் பிரதியை எல்லோரும் அழிக்க வேண்டும், அழித்ததற்குப் படம் பிடித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் கலந்து பரவிவிடும். அந்த விதியைக் கொண்டுவந்தவனும் நான்தான்.

முதல் பாட்டு பாதி போயிருக்கும். ஆட்டோ ஓரமாக நின்றது. இறங்குபவர் யாருமில்லை. டிரைவர் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. தன் போனை எடுத்து, நிதானமாக எழுத்து எழுத்தாகத் தட்டி, படிக்கச் சொல்லி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுல நான் எங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரசிகர் போலிருக்கிறது, கூட்டத்தில் கைதட்டியவராக இருப்பார் என்று நினைத்து, இரைச்சலையெல்லாம் நானே எடுத்துவிட்டேன் அண்ணா என்று பெருமையாகச் சொன்னேன். பெருமையாக! அவர் கழுத்துத் துணியை லேசாக விலக்கிக் காட்டினார். தொண்டைக் குழியில் ஓர் ஓட்டை. மறுபடி தட்டினார். பதிவு செய்த போன் அவருடையது. பக்கத்தில் பேசிய குரலும் அவருடையது.

மற்றவர்களை இறக்கிவிட்டு எங்களைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி கேளம்பாக்கம் அடுக்குமாடி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கணவர் போனில் தட்டியதைப் படித்ததும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு டெய்லி இவரு வண்டிலதான் காலேஜ் போவும். முன் சீட்ல குந்திகினு பாடிகினே போவும். அல்லாப் பாட்டும் இவருக்கு மனப்பாடம். மேடை ஏறினதும் பயத்துல மொத்தமும் மறந்துடுச்சு. இவருதான் கீழ குந்திகினு ஒவ்வொரு வரியா எடுத்துக் குடுத்தாரு."

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

அந்த அமைதி. நாங்கள் நான்கு பக்கம் எழுதிய அமைதி. அந்தப் பெண் வரி தெரியாமல் இவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. இவரை எடுத்துவிட்டு, ஓட்டையை வைத்துக்கொண்டு கும்பிட்டிருக்கிறோம். முதல் மேடையில், யாரும் கேட்டிராத பாட்டின் வரி ஒருவருக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்? நாற்பது பேரில் பாதி இன்ஜினியர்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள் என்று அந்த அக்கா சொன்னார். பதிவு இருந்த போன் மழை வெள்ளத்தில் போய்விட்டது. வேறு எதிலும் அவர் குரல் கிடையாது. அதற்கு முன்பே வண்டியில் வந்த ஒரு பையன் அதை வாங்கிக்கொண்டு, எங்கள் குரூப்பில் பத்திரமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறான். அந்தத் தைரியத்தில் இத்தனை நாள் இருந்திருக்கிறார்.

"பழசு, சத்தத்தோட கீறது, அத்த ஒரு தபா போட்டுக் காட்டேன்பா."

அடுத்த சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். தெருமுனையில் நண்பன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான். "ஒருத்தர் தொண்டைய நாப்பது பேரா சேந்து ரெண்டாவது தபா அறுத்துக்கீறீங்க மச்சான்."

செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்ததும் குழுவில் கேட்டேன். யாரிடமாவது அழுக்குப் பிரதி இருக்கிறதா? பதில்கள் வரிசையாக வந்தன. அழித்துவிட்டோம், அழித்துவிட்டோம், இதோ அன்றைக்குப் போட்ட படம். என் விதியை இவ்வளவு ஒழுங்காக மதிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

பழைய லேப்டாப்பைக் குடைந்தேன். ஏதாவது நீக்கினால், நீக்கியதை மட்டும் தனியாக ஒருமுறை கேட்பது என் வழக்கம். பாடகியின் குரல் ஒரு துளிகூட அதோடு போய்விடவில்லையே என்று பார்க்கத்தான்; அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்ததே இல்லை. 'கழிவு' என்ற ஃபோல்டரில் ஒரே ஒரு கோப்பு மிஞ்சியிருந்தது. மூன்றாவது பாட்டு, நான்கு நிமிடம். அதைச் சுத்தமான பிரதியின் அதே நான்கு நிமிடத்தின் மேல் வைத்து ஓட்டினேன். இரண்டும் பொருந்தின. பாட்டு பழையபடி அழுக்காக, முழுதாகத் திரும்பி வந்தது. மற்ற பத்தொன்பது நிமிடம் போனது போனதுதான்.

சனிக்கிழமை அதையும் சொல்லிவிட்டேன். எப்படிப் போனது, யாரால் போனது, எல்லாம். அக்கா ஒரு ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டார். போடு என்று கை காட்டினார் டிரைவர். போட்டேன்.

காற்று. நாற்காலித் தட்டல். பிறகு மிக அருகில், கரகரப்பாக: "பாடும்மா. கீழ பாக்காத, என்னியப் பாரு. நாளைக்கும் இதே பஸ்ஸு, இதே ஜன்னலு." தூரத்தில் நடுங்கும் ஒரு சின்னப் பெண் குரல் அந்த பஸ்ஸு வரியை வாங்கிப் பாடியது.

அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு நாளாவது இவ்ளோ பதனமா பேசிக்கீறியாய்யா நீ?"

அவர் சிரித்தார். சத்தமில்லை, துணிக்கடியில் காற்று மட்டும் போய் வந்தது. இன்னொரு முறை என்று விரலைக் காட்டினார். இரண்டாம் தடவை ஓடும்போது அவர் உதடுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் ஸ்பீக்கரில் வருவதற்கு முன்னமே அங்கே வந்து போனது. தன் குரலுக்கே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.