சித்தி கேட்காத கேள்வி

சித்தி மாம்பழம் தின்னத்தான் வந்திருக்கிறாள் என்று அம்மா நினைத்தாள். அது நியாயமான நினைப்புதான். நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குக் கோடையில் வருகிற உறவுக்காரர்கள் யாரும் வேறு காரியமாக வந்ததில்லை. வந்தால் ஒரு வாரம் தின்பார்கள், போகும்போது ஒரு கூடை கட்டிக்கொண்டு போவார்கள்.

சித்தி சென்னையில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதுகளின் நடுவில் எங்கள் சனத்தில் ஒரு பெண் டாக்டருக்குப் படிப்பது என்றால், அவளுக்கு இனி மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்று அர்த்தம். அம்மாவுக்கு அந்தக் கவலை வேறு. இப்போது வண்டியிலிருந்து தகரப்பெட்டியோடு இறங்கிய தங்கைக்குப் பின்னால் இரண்டு கல்லூரிப் பையன்கள் இறங்கியதைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. ஒருவன் தோளில் வெள்ளைத் துணி ஒரு சுருள். கண்ணாடி போட்ட இன்னொருவன் மருந்து வைத்த ஒரு மரப்பெட்டியைக் கைக்குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தான். கிருஷ்ணகிரியில் இருந்த ஒரு சேவா சங்கம் லீவு நாட்களில் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படி வந்தவர்கள் இவர்கள். வந்தது எங்கள் தெருவுக்கு அல்ல, சேரிக்கு.

அப்பா அதை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். பையன்கள் பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொள்ளட்டும். சித்தி வீட்டில் தங்கலாம், ஆனால் சேரியிலிருந்து வந்தால் கொல்லைப்புறமாக வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும்.

"சரிங்க மாமா. மெட்ராஸ்ல ஒரு குளியலுக்கே குழாயடியில சண்டை. இங்க தினம் ரெண்டு. குடுத்து வெச்சவ நான்" என்றாள் சித்தி. அப்பா சிரிக்கவில்லை. மீசைக்குள் ஏதோ நடந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ச் சேரியில் ஒவ்வொரு கோடையிலும் வீட்டுக்கு ஒருவராவது காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். நரம்புச்சிலந்தி. தெலுங்கு பேசும் வீடுகளில் அதை நாரிகுருப்பு என்பார்கள். காலில் ஒரு கொப்புளம் கிளம்பி நெருப்பாக எரியும். அது உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலையை நீட்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோய் கால் வீங்கிச் சீழ் கட்டிவிடும். ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை என்று வாரக்கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். எங்கள் தெருவில் அது யாருக்கும் வந்ததில்லை. அதனால் எங்கள் தெருவில் அந்த நோய்க்குப் பெயர் சோம்பல். மாங்காய் பறிக்கிற சமயம் பார்த்துக் காலை நீட்டிவிட்டான் என்று ஆளுக்கு ஆள் திட்டுவார்கள்.

சித்தி தினமும் காலையில் புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நான் பின்னாலேயே போவேன். சேரி எல்லையில் இருந்த புங்கமரத்தைத் தாண்டக் கூடாது என்று அம்மா உத்தரவு. அங்கே நின்றாலே எல்லாம் தெரியும், கேட்கும். சித்தி ஒவ்வொரு வாசலாக மண்ணிலேயே உட்கார்ந்து, வயதான ஒரு ஆளின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். புண்ணைக் கழுவுவாள். குச்சியை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருப்பி மறுபடி கட்டுவாள். அவர்கள்தான் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் ஒரு இடத்தில் நிலையாக நிற்காத சித்திக்கு அவ்வளவு பொறுமை எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அன்றைக்கெல்லாம் என்னிடம் யாராவது சாமி எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தால் சித்தியைக் காட்டியிருப்பேன்.

ஒரு நாள் சித்தியும் பையன்களும் சேரிக்காரர்கள் எல்லாரையும் கூட்டிவைத்து விளக்கினார்கள். கண்ணாடி போட்ட அண்ணன் தெலுங்கிலும் சித்தி தமிழிலும் சொன்னார்கள். சேரிக்காரர்கள் குடிப்பது படிக்கிணற்றுத் தண்ணீர். புண்ணோடு ஒருவர் படியிறங்கிக் காலை நனைத்தால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அதைக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று தின்னும். பூச்சியோடு அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு அடுத்த கோடையில் காலில் புழு வரும். அதனால் குடத்தின் வாயில் துணியை நாலாக மடித்துக் கட்டி வடிகட்டிக் குடியுங்கள் என்று சொல்லி, வீட்டுக்கு ஒரு துண்டாகக் கிழித்துக் கொடுத்தார்கள்.

எல்லியின் அம்மா துணியை வாங்கி விரித்துப் பார்த்தாள். எல்லி என் வகுப்பில் படித்தவள். அவளுடைய அப்பா எங்கள் பண்ணையில் வேலை செய்தார்.

"துணி குடுக்கறீங்க, நல்லா இருங்க தாயி. உங்க மாமா வூட்டுல துணி கட்டாமத்தானே குடிக்கறாங்க? அவங்களுக்கு ஏன் வரல?"

எங்கள் வீட்டுக் கிணறு கயிறு போட்டுச் சேந்துகிற கிணறு. அதில் யாரும் காலை வைக்க முடியாது. சேரிக்காரர்கள் அதில் கையையும் வைக்க முடியாது. சித்தி இதைத் தெரியாதவள் அல்ல. ஆனாலும் அன்றைக்கு அவள் தலையைக் குனிந்துகொண்டு துணி கிழிப்பதிலேயே மும்முரமாக இருந்தாள்.

எனக்கு வேறொரு கலக்கம். அடுத்த கோடையில் வரும் என்று சித்தி சொன்னபோதே நான் விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தேன். போன கோடையில், தோப்புக்குக் காவலாக என்னையும் எல்லியையும் விட்டிருந்த ஒரு மத்தியானம், சொம்புத் தண்ணீர் தீர்ந்துபோய் நாக்கு வறண்டுவிட்டது. படிக்கிணறு பக்கத்தில்தான். எல்லி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம் பாப்பா. எங்க தாத்தனை இப்பிடித்தான் கட்டி வெச்சு அடிச்சாங்களாம். எங்கப்பனையும் அடிப்பாங்க."

தாத்தனை எதற்காக அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தாகம். படியிறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எல்லிக்கு மாரியம்மன் மேல் சத்தியம் செய்து கொடுத்தேன்.

இப்போது நான்கு நாட்களாக என் இடது கணுக்காலுக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. பாவாடையை இறக்கிக் கட்டி மறைத்து வைத்திருந்தேன். எங்கள் தெருவில் யாருக்கும் வராத நோய் எனக்கு வந்திருக்கிறது என்றால், நான் எங்கே தண்ணீர் குடித்தேன் என்பதை என் காலே ஊருக்குச் சொல்லிவிடும். வாய் செய்த சத்தியத்தைக் கால் காப்பாற்றப் போவதில்லை. எல்லியின் அப்பாவைக் கட்டி வைத்து அடிப்பதுபோல எனக்குக் கனவுகூட வந்தது.

கொல்லையில் இரண்டாவது குளியலுக்கு வந்த சித்தி நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டாள். என்னைத் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்காரவைத்துப் பாவாடையைத் தூக்கினாள். கொப்புளத்தை விரலால் தொடாமல் சுற்றிலும் பார்த்தாள்.

"எப்போ குடிச்ச கண்ணு?"

போன மாங்காய்க்கு என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. நானே அழுதுகொண்டு, எல்லி, சத்தியம், அவளுடைய அப்பா எல்லாவற்றையும் கொட்டினேன். சித்தி ஈரக்கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு ஒரு குச்சியைச் சீவத் தொடங்கினாள்.

சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்தார். அவர் வந்ததும் வாசலில் நின்று அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. குதிகாலிலிருந்து ஊற்ற வேண்டும், விரல் இடுக்கில் சேறு நிற்கக் கூடாது, வலது காலில் ஏர்க்கொழு பட்ட வடு இருக்கும் இடத்தில் தேய்க்கக் கூடாது என்று எனக்கு எல்லாம் பாடம். அன்று நான் கட்டுப்போட்ட காலோடு தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்திருந்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எல்லியின் அப்பா மாடுகளைக் கொட்டகையில் கட்டிக்கொண்டிருந்தார்.

"நரம்புச்சிலந்திங்க மாமா" என்றாள் சித்தி, சாப்பாடு தயார் என்று சொல்கிற குரலில்.

கொட்டகையில் கயிறு கட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. நான் அப்பாவைப் பார்க்காமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா குனிந்து என் காலைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எங்க தண்ணி குடிச்ச பாப்பா?"

"தெரியல."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டால் உடைந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அப்பா கேட்கவில்லை. சித்திதான் பேசினாள்.

"இந்த வலி எப்பிடி இருக்கும்னு நான் சொல்லணுமாங்க மாமா? அந்தப் படியை அடைச்சு, சுத்திச் சுவர் எழுப்பி, ராட்டினம் போட்டுட்டா இந்த நோய் ஊரை விட்டே போயிடும். ஆளுங்க இருக்கோம். கல்லுதான் இல்ல."

புது மாட்டுக்கொட்டகை கட்டுவதற்காக அப்பா பர்கூர்ப் பக்கத்திலிருந்து கல் இறக்கி வைத்திருந்தார். நல்ல கல், வெயிலில் மின்னும். அதில் ஏறி விளையாடினாலே எங்களுக்கு அடி விழும்.

"கல்லு கெடக்குது. வண்டி கட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு சொம்பைத் தானே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கவாட்டில் போய், யாருக்கும் தெரியாத இடத்தில் நின்று காலைக் கழுவிக்கொண்டார். என் கால் வலிக்குமே என்று என்னைக் கூப்பிடவில்லை என நினைத்து நான் உருகிப்போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் தெரு வெகு நாள் பேசியது. ஏற்றம் போட்டுக் கிணற்றைக் காயவிட்டார்கள். கண்ணாடி போட்ட அண்ணன் இடுப்பளவு சேற்றில் நின்று வாரிக் கொட்டினான். அவன் கண்ணாடி ஒரு தடவை சேற்றில் விழுந்து, அதைத் தேடச் சேரிப் பிள்ளைகள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். டாக்டருக்குப் படிக்கிற பெண் தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமந்தாள். எல்லியின் அம்மா ஒரு பக்கமும் சித்தி ஒரு பக்கமும் பிடித்துக் கற்பலகைகளைத் தூக்கி நகர்த்தினார்கள். இதென்ன கூத்து என்று பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து அப்பாவைக் கேட்டார்கள். "மச்சினிச்சிய அடக்க அவ அக்காளாலயே முடியல, என்னால ஆகுமா?" என்று சொல்லி அப்பா அவர்களுக்கு மாம்பழம் அறுத்துக் கொடுத்தார்.

சுவர் எழும்பி, தண்ணீர் மறுபடி ஊறி, மருந்து போட்டுத் தெளிந்த அன்று எல்லியின் அம்மாதான் முதல் குடம் சேந்தினாள். ராட்டினம் கீச்சென்று கத்தியது. சித்தி அவள் முன்னால் போய்க் குனிந்து இரண்டு கையையும் ஏந்தி நின்றாள். அந்த அம்மா ஊற்றத் தயங்கினாள். சித்தி கையை எடுக்கவில்லை. பிறகு ஊற்றினாள். சித்தி குடித்து, முகத்தையும் கழுவிக்கொண்டாள். நான் புங்கமரத்தடியில் ஒற்றைக் காலில் நின்று இதைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ மாலை மரியாதைகளைப் பார்த்துவிட்டேன். அதைவிடப் பெரிய மரியாதையை ஒருவர் இன்னொருவருக்குச் செய்து நான் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமும் சித்தி கொல்லைப்புறமாகத்தான் வந்தாள், தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தாள். அப்பா கல்லைக் கொடுத்தார். எங்கள் கிணற்றைக் கொடுக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த கோடையிலும் சேரியில் சிலருக்குப் புழு வந்தது. அது பழைய தண்ணீரின் பாக்கி என்று சித்தி முன்பே சொல்லியிருந்தாள். அதற்கடுத்த கோடையில் ஒருவரும் காலை நீட்டிப் படுக்கவில்லை. மாங்காய் பறிக்க எல்லாரும் வந்தார்கள்.

அப்பா தம் கடைசி வருடத்தில் படுக்கையில் விழுந்தபோது நான் போய்ப் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வடு விரலில் தட்டுப்பட்டது. சின்னதாக, உள்வாங்கி, சுற்றிலும் தோல் சுருங்கிய வடு. என் புடவையைத் தூக்கி என் கணுக்காலைப் பார்த்தேன். இரண்டும் ஒன்று போலவே இருந்தன. அப்பா தம் வாழ்நாளில் ஏர் பிடித்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் நிலத்தை உழுதவர் எல்லியின் அப்பா. அவருக்கு முன்னால் எல்லியின் தாத்தா. சித்தி இந்த வடுவை வந்த முதல் நாளே பார்த்திருப்பாள்.

"ஏர்க்கொழு பட்டதாப்பா இது?" என்று கேட்டேன்.

அப்பா மேலே கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அப்ப, நீ குடிச்சப்ப இருந்த வயசுதான். எல்லி தாத்தன் மொண்டு ஊத்துனான், தாகம்னு நான்தான் கேட்டேன். மறுவருசம் காலுல வந்துடுச்சு. எங்கடா குடிச்சேன்னு எங்கப்பா கேட்டாரு."

என் கையிலிருந்து காலை இழுத்துக்கொண்டார்.

"நான் சொல்லிட்டேன் பாப்பா."

தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்துகொண்டு தெரியல என்று சொன்ன அன்று, அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை. சித்தியிடம்கூட ரகசியமாகச் சொல்லிச் சிரித்தேன், அவள் ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தேன். நான் சொன்னது பொய் என்று அப்பாவுக்கு அந்த நிமிடமே தெரியும். தன் ஒன்பதாவது வயதில் தான் சொல்லியிருக்க வேண்டிய பொய் அது என்பதும் தெரியும்.