நெற்றியில் ஒட்டாத நோட்டு

தெசாங்கா, பூரெக் என்கிற அடுக்கு ரொட்டி சுடும் கடையில் மாவை மெல்லிசாக இழுத்து இழுத்தே தோள் தேய்ந்தவள். கணவன் ராதிசாவ் சம்பாதித்ததெல்லாம் ஊர் வாயில் போயிற்று. காபிக் கடையில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் காசு அவன்தான் கொடுப்பான். மகராசன்! வீட்டில் குளிருக்கு விறகு வாங்கியது அவள் காசில்.

அவளுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதும் மங்கவே, உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் அவ்வளவுதான் என்று பெல்கிரேடு டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டும். சிறுகச் சிறுகச் சேர்த்த யூரோவை உள்பாவாடையில் தைத்துக்கொண்டாள். வீட்டில் வைத்தால் அவன் கை சும்மா இருக்காது.

அதற்குள் சனிக்கிழமை வெல்கோவின் கல்யாணம் வந்து தொலைந்தது. ராதிசாவ்தான் கும். மாப்பிள்ளைக்குத் துணை நின்று, பிறக்கும் பிள்ளைக்கு ஞானத்தகப்பனும் ஆகிறவன். தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு இவர்கள்தான் கும். கூடப்பிறந்தவனைவிட ஒருபடி மேல்.

தேவாலய வாசலில் பிள்ளைகள், "கும், உன் பை எரியுது!" என்று வழக்கப்படி காசு கேட்டுக் கத்த, சில்லறையை வாரி இறைத்தான். விருந்தில் ட்ரம்பெட்காரர்கள் சூழ்ந்துகொள்ள, அவர்கள் நெற்றியில் நோட்டு நோட்டாக ஒட்டினான். பை காலி. மனைவியின் காதருகே குனிந்தான்.

"எடுடீ."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஊரே பாக்குது. ரெண்டே ரெண்டு நோட்டு."

"ரெண்டுன்னு ஆரம்பிச்சு நீ எப்பய்யா நிறுத்தியிருக்க? அது என் கண்ணு!"

"கண்ணை அடுத்த மாசம் பாத்துக்கலாம். மானம் போனா வருமா?"

மேசைக்கடியில் அவன் கை அவள் பாவாடையைப் பற்றியது. தையல் பிரிந்தது. பாவி மனுசன்! துணியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள்.

"நிறுத்துங்கப்பா! இது என் கண் ஆபரேஷனுக்கு வெச்ச காசு. இதையும் நெத்தியில ஒட்டிக்க மனசு வர்றவன் வந்து எடுத்துக்கட்டும்!"

வாத்தியம் நின்றது. ட்ரம்பெட்காரன் தலையைக் குனிந்துகொண்டான். வெல்கோவின் அப்பா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கும் வீட்டுப் பை நெசமாவே எரிஞ்சுபோச்சு போல!" என்று எவனோ சொல்ல, கொல்லென்று சிரித்தார்கள். ராதிசாவ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

கண் பிழைத்தது. அதன்பின் ராதிசாவ் காபிக் கடைப் பக்கமே போகவில்லை. மறு வருஷம் வெல்கோவுக்குப் பிள்ளை பிறந்த செய்தி அக்கம்பக்கத்தார் வழியாகத்தான் வந்தது.

ஞானஸ்நானத்தன்று அவன் காலையிலேயே சவரம் செய்து, கோட்டு மாட்டி உட்கார்ந்திருந்தான். அழைக்க யாரும் வரவில்லை. எதிர்த் தேவாலயத்தில் கார்கள் வந்து நின்றன. அவன் சன்னல் பக்கம் திரும்பவில்லை.

"உனக்குத்தான் இப்ப நல்லாத் தெரியுதே. ஞானத்தகப்பனாப் புள்ளையத் தூக்கிட்டுப் போறது யாருன்னு பாத்துச் சொல்லு."

தெசாங்கா பார்த்தாள். பிள்ளையின் வெள்ளைத் துணியில் பின்னலின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. தூக்கிப் போனவன் வெல்கோவின் முதலாளி.

"தெரியலைய்யா," என்றாள். "வெயில் கூசுது."