எலிக்கு ஒரு தாய்வீடு

மூன்றாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மாற்று வேட்டி ஒன்றோடு பஸ் ஏறி மதுரைக்கு வந்தேன். தெற்குவாசலில் இன்னொருவர் பட்டறையில் தகரம் நிமிர்த்தினேன். ஆறாவது வருஷம் அதே தெருவில் என் பட்டறை. ட்ரங்குப் பெட்டி என்றால் என் பெட்டிதான். ஹாஸ்டலுக்குப் போன பிள்ளைகளும் பட்டாளத்துக்குப் போனவர்களும் அதைத்தான் தலையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார்கள். திருப்பரங்குன்றம் சாலையில் மனை பிடித்து, மாடியோடு வீடு கட்டினேன். மூன்று கோவில்களுக்கு உண்டியல் செய்து கொடுத்தேன். ஒரு கல்யாண மண்டபத்துக்கு முப்பதடிக் கூரை போட்டேன். படித்த என்ஜினீயர் ஒருவர் கோணம் சேராது என்று விட்டுப்போன கூரை. நான் ஒரு நூலையும் சாக்பீஸையும் வைத்துச் சேர்த்தேன். இன்றைக்கும் ஒழுகாது. போய்ப் பார்க்கலாம்.

இதையெல்லாம் யார் தயவிலும் செய்யவில்லை. பெருமையாகவே சொல்கிறேன். சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் என் மனைவி முதல்முறையாக உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. எங்களில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளையல் போட்ட கையோடு பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். சோழவந்தான் பக்கத்து ஊரிலிருந்து அவளுடைய அண்ணன் அதற்காகவே வாடகைக் கார் பிடித்து வந்திருந்தார். நான் அனுப்பவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற பருவம். பெட்டிக்கு ஆள்மேல் ஆள் வந்துகொண்டிருந்தார்கள். பட்டறையில் ஆறு பேர், ஆறு பேருக்கும் மதியச் சாப்பாடு என் வீட்டிலிருந்துதான்.

"ஒரு மாசம் போகட்டும் மச்சான். நானே கொண்டாந்து விடுறேன்" என்றேன்.

"ஒரு மாசங்கிறது உங்களுக்கு ஒரு பெட்டி கணக்கா மாப்ள?" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கார் காலியாகத் திரும்பிப் போனது.

எட்டாம் மாதம் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அடுப்படியில் நின்றவளுக்கு வலி வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆண் பிள்ளை. அழவில்லை. துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். தகரம் தட்டுகிற ஒரு கொட்டாப்புளி கனம் இருந்திருக்கும். நானும் மச்சானும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தோம். வழியில் அவர் அழுதார். எனக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்தேன். பதினோரு பெட்டிக்குத் தகரம் வெட்டினேன், ஒரு வெட்டுக்கூடப் பிசகவில்லை.

அவள் வீட்டுக்கு வந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள். சொல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே இருந்தாள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டை ஓட்டலில் சொல்லிவிட்டேன். இப்படியே மூன்று மாதம் போனது.

மச்சானுக்கு ஒரு கல்லூரியில் விலங்கியல் கூடத்தில் அட்டெண்டர் வேலை. அங்கே பாடத்துக்காக வெள்ளை எலி வளர்ப்பார்கள். பெருகிவிட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டவர்களுக்குக் கொடுப்பார்கள். ஒருநாள் சாயங்காலம் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே இரண்டு வெள்ளை எலி, குன்றிமணி மாதிரி சிவப்புக் கண்.

"எலியைப் பிடிக்கப் பொறி செஞ்சு விக்கிறவன் வீட்டுக்கு எலியவே கொண்டாந்திருக்கீரே" என்றேன்.

"உமக்கு இல்லய்யா, தங்கச்சிக்கு. ரெண்டும் பொட்டை. சண்டை போடாது, பெருகாது. தானியமும் தண்ணியும் வச்சாப் போதும்."

அவள் டின்னைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் மறுநாள் நான் பட்டறையிலிருந்து வந்தபோது டின்னுக்குள் ஒரு பிடி கம்புத் தானியம் கிடந்தது. நான் போடவில்லை.

பட்டறையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, மூடியைக் கழற்றி, வலை அடித்துக் கொடுத்தேன். அவள் பழைய சேலைத் துணியைக் கிழித்துப் போட்டாள். மூன்று வாரம் இருக்கும். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஏழு."

"என்ன ஏழு?"

"குட்டி."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவளாக வாய் திறந்து சொன்ன முதல் பேச்சு அதுதான். போய்ப் பார்த்தேன். துணிக்குள் ஏழு, வேகவைத்த மொச்சை மாதிரி, ரோமம் இல்லாமல், கண் மூடி. மச்சானுக்குப் பொட்டை எது கடுவன் எது என்று தெரியவில்லை என்பது மட்டும் புரிந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, பெத்த தீட்டோட விளக்கேத்தப் போறீகளா? எலின்னாலும் வீட்டுக்குள்ள நடந்த பிரசவம்" என்றார். கேலியாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா, தெரியாது. நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். எங்கள் பிள்ளைக்குத் தீட்டுக் கழிக்கவும் இல்லை, பெயர் வைக்கவும் இல்லை. இதையாவது முறையாகச் செய்வோம் என்று தோன்றியது. கூட்டைக் கலைத்தேன். பழைய துணியை வீசினேன். பெட்டியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து, புதுப் பஞ்சு வைத்து, ஒவ்வொரு குட்டியாக என் கையால் எடுத்து வைத்தேன். சுத்தமாகச் செய்தேன். நான் செய்தால் எதுவும் சுத்தமாகத்தான் இருக்கும்.

சாயங்காலத்துக்குள் தாய் ஏழையும் கடித்துத் தின்றுவிட்டது. வாசனை மாறினால் தாய்க்குத் தன் குட்டி என்று தெரியாது, கூடு கலைந்தால் பயத்திலேயே தின்றுவிடும் என்று மச்சான் பிறகு சொன்னார். பஞ்சில் மிச்சம் இருந்ததை நான் வழித்து எடுத்தேன். அவள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். மறுபடி சொன்னால் சாப்பிட்டாள், சொன்னால் படுத்தாள்.

மறுபடி மூன்று வாரம். மறுபடி குட்டி, இந்த முறை எட்டு. எலி குட்டி போட்ட அன்றைக்கே மறுபடியும் சினையாகும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மச்சான் வந்து, இரண்டையும் வாலைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாப்ள, இதுல ஒண்ணு ஆம்பள."

"இம்புட்டு நாளாக் காலேஜுல என்னத்தப் பாத்தீரு?"

"நான் கூண்டு கழுவுறவன்யா. வாலைத் தூக்கிப் பாக்கிறது புரபசர் வேலை."

அவள் எழுந்து வந்தாள். "கூட்டைத் தொடாதீங்க. ரெண்டு பேரும்தான்" என்றாள். பெட்டியைச் சுற்றி ஒரு சேலையைத் தொங்கவிட்டாள். அதற்குள் கையை விட நான் துணியவில்லை.

அப்போதே ஆணைப் பிரித்திருக்கலாமே என்று கேட்கலாம். பால் கொடுக்கிறவளுக்கு உடனே தரிக்காது என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் கணக்கு. எலிக்கும் அதே கணக்கு என்று நினைத்தோம். தவிர, புருஷனையும் பெண்டாட்டியையும் எதற்குப் பிரிக்க வேண்டும் என்று நானே சொன்னேன். ஆக, எட்டும் கண் திறந்து வலையில் ஏறத் தொடங்கியபோது தாயின் வயிறு மறுபடி வீங்கியிருந்தது. முதுகெலும்பு தனியாகத் தெரிந்தது. ரோமம் சிலிர்த்து நின்றது. தானியம் கடிக்கிற வயது வந்த எட்டும் இன்னும் பால் குடிக்க இழுத்தன. ஆண் ஒரு பக்கம் துரத்தியது. தாய் மூலைக்கு மூலை போய், கடைசியில் போக மூலை இல்லாமல் படுத்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் சோறு தொடவில்லை.

"அது சாப்பிடல" என்றாள். நான் சாப்பிடு என்றேன். எழவில்லை. நான் சொன்னால் செய்வாள் என்று இருந்தது அதுவரைக்கும். அதுவும் போயிற்று. இரண்டாம் நாள் மச்சானுக்குச் சொல்லிவிட்டேன்.

வந்தவர் பெட்டியையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாத்தையும் காலேஜுக்கே எடுத்துட்டுப் போறேன் மாப்ள. அங்க பாத்துக்குவாக. தங்கச்சியையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். இங்க இருந்தா இவ தேற மாட்டா."

"என்ன பாத்துக்குவாக அண்ணே?" என்றாள் அவள்.

கல்லூரியில் எலியை எதற்கு வளர்க்கிறார்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும். அறுக்கிற மெழுகுப் பலகை, நான்கு காலுக்கும் நான்கு ஊசி.

"நீயாவது வா ஆத்தா" என்றார்.

அவள் அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சேலையை விலக்கி எலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இதை முன்னாடியே தாய்வீட்டுக்கு அனுப்பியிருக்கணும். பிரசவத்துக்கு முன்னாடி அனுப்பிட்டா, ஒண்டியாக் கெடந்து பெத்துக்கும். துரத்துறவுக இல்ல, வேலை வாங்குறவுக இல்ல."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். எனக்குள் ஏதோ உடைந்தது என்றெல்லாம் எழுத வராது. ஒன்றும் உடையவில்லை. அளவுகோலை எடுத்தேன், தகரத்தை எடுத்தேன். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம். காற்றுக்கு மேலே மட்டும் துளை. பக்கம் நாலும் மூடி, இருட்டாக. ஓர் ஓரத்தில் கையளவு அறை, அதற்கு எலி நுழைகிற அளவு வாசல். குத்தாமல் எல்லா ஓரத்தையும் மடித்துத் தட்டினேன். பிறகு இன்னொரு பெட்டி, நடுவில் தடுப்பு வைத்து, பிள்ளைகளுக்கு. ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். ஆள்களை அனுப்பிவிட்டு நானே செய்தேன்.

இரண்டையும் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். மச்சான் இன்னும் போகவில்லை, அவளுடைய துணிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் பழைய கூட்டிலிருந்தே ஒரு பிடி துணியை எடுத்தேன். கழுவவில்லை. அதைப் புது அறைக்குள் வைத்தேன். தாயை எடுக்கக் கை நீட்டினேன். அவள் என் கையை ஒதுக்கிவிட்டு, இரண்டு கையையும் குழிபோல் சேர்த்து அவளே எடுத்து வைத்தாள். பாலில் நனைத்த பன் ஒரு துண்டும் வைத்தாள்.

பிள்ளைகளைப் பிரிக்க வேண்டும். மச்சானை நம்ப முடியாது. எட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வாலைத் தூக்கி, இரண்டு துளைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்தேன். தூரமாக இருந்தால் ஆண், கிட்டே இருந்தால் பெண். யாரும் சொல்லித் தரவில்லை. மூத்த ஆணை ஒரு அளவாக வைத்துக்கொண்டு நானே கண்டுபிடித்தேன். நூல் இழை வித்தியாசம்தான்; தகரம் வெட்டுகிறவன் கண்ணுக்கு அது போதும். ஐந்து ஆண், மூன்று பெண். மூத்த ஆணைப் பழைய பெட்டியிலேயே தனியாக விட்டேன். மச்சான் மறுநாள் கல்லூரியில் விசாரித்துவிட்டு வந்து சரிதான் என்றார்.

பையில் வைத்த துணியை அவளே எடுத்துக் கொடியில் போட்டாள். "இதுகளுக்கு யாரு அண்ணே தண்ணி வைப்பா? நான் வரல" என்றாள்.

நான்கு நாள் கழித்துப் பிரசவம். ஆறு என்று பிறகுதான் தெரிந்தது. அவள் மூடியைத் திறக்கவில்லை, காதை வைத்துக் கேட்டாள். கீச்சுச் சத்தம் கேட்டதும் அடுப்படிக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். ஆறும் பிழைத்தன. தாயும் உடம்பு தேறியது. வளர்ந்ததும் ஆறையும் அதேபோல் பிரித்தேன்; அதன் பிறகு என் வீட்டில் குட்டி இல்லை.

தை மாதம் வண்டியூர்த் தெப்பத்துக்குச் சின்னக் கூண்டுகள் செய்து, ஓடுகிற சக்கரம் வைத்து, எலிகளைக் கொண்டுபோனோம். கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். ஒவ்வொருவரிடமும் அவள் சொன்னாள்: "ஆணையும் பொண்ணையும் சேத்து வைக்காதீக. கூட்டைக் கழுவாதீக." கூட்டத்தில் அவள் பேசுவதைத் தள்ளி நின்று பார்த்தேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. கால் வலித்தது, அது நினைவிருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடி உண்டானாள். ஆறாம் மாதமே நான் கார் பிடித்துக்கொண்டுபோய் அவளைத் தாய்வீட்டில் விட்டேன். பெண் பிறந்தது. எங்களுக்கு இப்போது பேரன் பேத்தி.

மச்சான் எந்த விசேஷ வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்கிறார். "நான் ரெண்டு எலி கொண்டாந்து குடுத்தேன், என் தங்கச்சி எந்திரிச்சா" என்று முடிக்கிறார். என் மகளும் அப்படியே சொல்கிறாள். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறாள், திருத்துவதில்லை. கேட்கிறவர்கள் மச்சானைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள்.

கொண்டுவந்தது அவர்தான், மறுக்கவில்லை. பொட்டை என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நான் வளைகாப்பன்று அவளை அனுப்பாததைச் சொல்லட்டும். மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவியதையும் சொல்லட்டும், நானே இங்கே எழுதிவிட்டேன். ஆனால் அத்தோடு நிறுத்தக் கூடாது. அந்தத் தகரத்தை வெட்டியது யார், ஆணைப் பிரித்து வைத்தது யார், எட்டையும் வாலைத் தூக்கி இனம் பார்த்தது யார் என்பதையும் அதே வாயால், அதே சபையில் சொல்ல வேண்டும். என் பெயரைச் சொல்லக்கூட வேண்டாம். மாப்பிள்ளை செய்தார் என்று சொன்னால் போதும். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.