நான் ஜென்டிலாக இருந்த நாட்கள்

ஜென்டில் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மென்மை, சாந்தம் என்று பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் பல வருடம் பாடம் நடத்தியவள் நான். அந்தச் சொல் எனக்கும் பொருந்தும் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் வயிறு வலிக்கச் சிரிப்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில். அவர் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் மதிலுக்கு அடியில் என் முற்றத்துக்கு வரும். என் சத்தம் மதிலுக்கு மேலே அவர் வீட்டுக்குப் போகும்.

மகளுக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு கல்யாண ஆலோசனை வந்தது. பையனோடு போனில் பேசிப் பார்த்தாள், பிடித்துவிட்டது. முன்பு வந்த எல்லா இடத்தையும் வேண்டாம் என்றவள். இதுவும் கைநழுவிவிடுமோ என்று எனக்குப் பயம். பையனின் அப்பா கேட்டது ஒன்றுதான்: "ஜென்டில் ஃபேமிலி ஆயிருக்கணும்."

இந்தப் பக்கத்தில் பெண் பார்க்க வருமுன் மாப்பிள்ளை வீட்டார் ரகசியமாக வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். ரகசியம் என்பது பேச்சுக்குத்தான். அவர்கள் முதலில் கேட்கப்போவது மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரை. ஆகவே நான் சாந்தமானேன். பலா மரத்தில் பழுத்த வருக்கைச் சக்கையில் பாதியை வெட்டி அவருக்கு அனுப்பினேன். தண்ணீர் வந்தது, சிரித்தேன். அவர் விவரமான ஆள். வாஷிங் மெஷின் குழாயையும் அதே வழியில் திருப்பிவிட்டார். என் ரோஜாச் செடியைச் சுற்றி சோப்பு நுரை நின்றது.

"செடிக்கு நல்லதாக்கும், டீச்சரே."

"ஆமா, நல்லதுதான்" என்றேன். தாடை வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில் பையனின் அப்பா வந்து போயிருக்கிறார். மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலருகே வந்தார். முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"டீச்சருக்க வாயப் பத்தி அவரு ஒண்ணும் கேக்கல்ல. ஒங்க ஆளுவ சபையில சேருமுன்ன எந்த ஜாதின்னு கேட்டாரு. எனக்கு அறிஞ்சூடா, ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

உள்ளே போய் அகராதியைப் புரட்டினேன். ஜென்டில் லத்தீனில் பிறந்த சொல். முதலில் 'ஒரே குலத்தைச் சேர்ந்த' என்று பொருள். பிரெஞ்சு வழியாக வந்தபோது 'உயர்குடிப் பிறந்த' என்றானது. மென்மையும் சாந்தமும் கடைசியில் ஒட்டிக்கொண்டவை. சொல்லை வேரோடு அறிந்தவர் பையனின் அப்பா. நான்தான் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மகள் பையனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, இது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"அதில தப்பொண்ணும் இல்லல்லோ" என்றான் அவன். "எல்லாரும் கேக்கியதுதானே."

எவ்வளவு மென்மையான குரல்! மகள் போனை அணைத்தாள். "வேண்டாம்மா" என்றாள். அவள் கண் நிறைந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

முற்றத்துக்கு வந்தேன். நுரை அப்படியே நின்றது. அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து மதிலுக்கு மேலே ஒரு பாட்டம் விட்டேன். தெருமுனை வரை கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, மறுபேச்சில்லாமல் குழாயைத் தன் வாழைக்குத் திருப்பினார்.

"அப்பாடா" என்றார். "ஒங்க சிரிப்பப் பாத்து பயந்துபோயிட்டேன், டீச்சரே. பிள்ளயும் அங்க போய் காலம் முழுக்க இப்பிடியே சிரிச்சோண்டு இருக்கணுமேன்னு."