உண்டியலில் விழுந்த சத்து மாத்திரை

நான் குடியிருக்கும் ஜெர்மன் நகரத்தில் சத்தத்துக்கு ஓய்வு நேரம் உண்டு. மதியம் இரண்டு மணி நேரம் ஆணி அடிக்கக் கூடாது, மிக்சி போடக் கூடாது. 'ரூஹெட்சைட்' என்று அதற்குப் பெயர். விடியற்காலையில் கோயில் மைக்செட் எழுப்பி வளர்ந்தவன் நான். எனக்கு இந்த ஊரின் அமைதி இன்றுவரை யாரோ கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதாகத்தான் படுகிறது. மகள் ஹாசினி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள், கீழ்வீட்டு அம்மாள் எங்கள் வாசலில் பூப்படம் போட்ட அட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார். இவ்வளவு அமைதியான குழந்தைக்கு மனமார்ந்த நன்றி என்று அதில் எழுதியிருந்தது. ஐந்து வருடமாக எங்கள் தாளிப்பு வாசனையைப் பற்றி மட்டுமே பேசியவர் அவர். நானும் மனைவி சுமதியும் அந்த அட்டையை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்தோம்.

அன்று மாலையே சித்தூரிலிருந்து வீடியோ கால். நைனா, அதாவது என் அப்பா, பஸ் கண்டக்டராக ஓடி ஓய்வு பெற்றவர். கார்வேட்டிநகரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் நாலைந்து பேரையும் போனுக்குள் ஏற்றியிருந்தார். "அழவே மாட்டேங்குதுடா! பால் குடிக்கறதுக்குக்கூட எழுப்ப வேண்டியதா கீது. மகாலட்சுமிடா இது!" என்றார். குழந்தையைக் குளிப்பாட்டுவதிலிருந்து கொட்டாவி விட்டால் சொடக்குப் போடுவது வரை ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு நாடுகள், என் மகள் தங்கமானவள் என்பதில் மட்டும் ஒத்துப்போயின. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிறந்ததும் குதிகாலில் குத்தி ஓர் அட்டையில் எடுத்த ரத்தச் சொட்டுகளின் முடிவு வந்திருக்கிறது, இன்றே கிளம்பி வாருங்கள் என்றார்கள். குழந்தைக்குத் தைராய்டு சுரப்பி பிறவியிலேயே சரியாக வேலை செய்யவில்லையாம். அவள் அழாததும், எந்நேரமும் தூங்கியதும், தோல் மஞ்சளாக இருந்ததும் நல்ல குணத்தால் அல்ல, நோயால். "தினமும் மாத்திரை கொடுத்தால் எல்லாக் குழந்தைகளையும்போல வளர்வாள். கொடுக்காவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும்," என்றார் டாக்டர் அம்மாள். சுமதி அங்கேயே அழுதாள். நான் அழவில்லை, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிய அந்தப் பூப்பட அட்டையைக் கிழித்துப் போட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டர், "நீங்கள் இருவரும் ரத்த உறவா?" என்று கேட்டார். "ஆமாம், அத்தை மகள்," என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தாளில் கோடு போட்டு விளக்கச் சொன்னார். நானும் உற்சாகமாக விளக்கினேன். என் தாத்தா கட்டியது அக்கா மகளை என்று சொன்னதும், மேலே போயிருந்த கோடு கீழே திரும்பி வந்தது. கடைசியில் அந்தத் தாள் மார்கழி மாதத்து வாசல் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணெடுக்க வெளியே போனால்தான் விளக்கம் கேட்பார்கள் என்பதை எந்த மொழியில் சொல்வது? உறவில் கட்டாதவர்களுக்கும் இப்படிப் பிறப்பதுண்டு என்று அவரே சமாதானம் சொல்லி வேறு தாள் எடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில், இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே மாத்திரையை நசுக்கி, சில சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்துக் கொடுத்தோம். கொடுத்தது சரி. ஊருக்கு என்ன சொல்வது? தைராய்டு என்று சொன்னால், நகரியிலிருந்து சத்தியவேடு வரை ஒரு பேருந்து போகும் நேரத்துக்குள் செய்தி போய்விடும். தொட்டிலில் கிடப்பவளுக்கு மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்று அழவும் ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆகவே நானும் சுமதியும் கூடிப் பேசி, "சத்து மாத்திரை" என்று சொல்லிவிட்டோம். இரண்டு பட்டம் வாங்கிய நான் யோசித்துக் கண்டுபிடித்த பொய் இது.

மாத்திரை வேலை செய்தது. மூன்றாவது வாரத்தில் ஹாசினி அழ ஆரம்பித்தாள். அப்படி ஓர் அழுகை! பசித்தால் அழுதாள், ஈரமானால் அழுதாள், ரூஹெட்சைட்டில் நேரம் பார்த்து அழுதாள். கீழ்வீட்டு அம்மாளிடமிருந்து இன்னோர் அட்டை வந்தது, இம்முறை பூப்படம் இல்லை. நாங்கள் இருவரும் அந்த அழுகையை நாதஸ்வரக் கச்சேரி கேட்பவர்களைப்போல உட்கார்ந்து கேட்டோம். சித்தூரில் மட்டும் முகங்கள் வாடின. "நல்லா இருந்த கொழந்தைக்கு சத்து ஏத்தி ஏத்தி சூடாக்கிட்டீங்கடா. அதான் கத்திக்கினு கீது," என்றார் நைனா. நான் பேச்சை மாற்றினேன்.

ஐந்தாம் மாதம் முடி இறக்க ஊருக்கு வந்தோம். திருமலையில் மொட்டை போட்டபோது ஹாசினி மலையே கேட்கும்படி கத்தினாள். சந்தனம் பூசிய தலையோடு தரிசனம் முடிந்து வெளியே வந்தோம். நைனாவின் முகம் என்றுமில்லாத தெளிவோடு இருந்தது.

"பாரம் தீந்துபோச்சுடா. கொழந்த முன்ன மாதிரி அழுவாம இருக்கணும், அந்த மாத்திரைய நீயே வெச்சிக்கோன்னு சாமிகிட்ட வேண்டிக்கினேன். உங்க பையிலேர்ந்து எடுத்து மஞ்சத் துணில முடிஞ்சி உண்டியல்ல போட்டுட்டேன்."

"எதை மாமா?" என்றாள் சுமதி. நைனா அவளுக்கு மாமனார் மட்டுமல்ல, தாய்மாமனும்கூட.

"அதான், சத்து மாத்திர. பொட்டியோட."

ஊருக்கு வந்த மூன்று வாரத்துக்கும் இருந்தது அந்த ஒரே பெட்டிதான். ஊரில் மற்றவர்கள் காணிக்கை போட்டு நோயைத் தீர்க்கச் சொல்வார்கள். மருந்தையே காணிக்கையாக்கியவர் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். நான் உள்ளே ஓடி அங்கிருந்த ஊழியர் ஒருவரிடம் தெலுங்கில் கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஹுண்டிலோ படிந்தி திரிகி ராது சார்," என்றார். விழுந்தது விழுந்ததுதான், திரும்பாது.

மலை இறங்கும் பஸ்ஸில் சுமதி பையை மடியில் கவிழ்த்து, ஒரு மாத்திரையாவது சிந்திக் கிடக்கிறதா என்று தேடினாள். ஹாசினி எல்லோருக்கும் சேர்த்து அழுதுகொண்டு வந்தாள். நாளைக் காலை ஆறு மணிக்கு என் குழந்தைக்கு மருந்து இல்லை. ஜெர்மன் டாக்டருக்குப் போன் செய்தேன். புதன்கிழமை மதியம் கிளினிக் விடுமுறை என்று ஒரு குரல் மிக மரியாதையாகச் சொன்னது.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டு அருகே மெடிக்கல் ஷாப்காரர், "தைராய்டா? மேடத்துக்கா?" என்றார். குழந்தைக்கு என்றேன். "சின்ன பிள்ளைகளுக்கு அதெல்லாம் வராது சார்," என்று எனக்கே ஆறுதல் சொன்னவர், கடைசியில் பக்கத்துத் தெருவில் இருந்த குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கைக் கைகாட்டினார். படிக்கட்டு வரை கூட்டம். எங்கள் முறை வந்தபோது நைனாவும் கூடவே உள்ளே வந்தார்.

அந்த டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டி, எடை போட்டு, சீட்டு எழுத ஐந்து நிமிடம் ஆனது. "அதே மருந்துதான், இங்கயும் கிடைக்கும். நாளைக் காலைல குடுங்க. ஒரு நாள் தப்பினா ஒண்ணும் ஆயிடாது. ஆனா ஒரு நாள்தானேன்னு விட ஆரம்பிச்சீங்க, அப்புறம் பிள்ளை மூளைக்குத்தான் கஷ்டம். பாக்ஸ் எப்படி போச்சு?"

"நான்தான்மா உண்டியல்ல போட்டேன். சத்து மாத்திரன்னு சொன்னாங்க," என்றார் நைனா. மூளை என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவர் குரல் இறங்கிவிட்டிருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இவர்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"ஊர்ல நாலு பேர்..." என்று இழுத்தேன்.

அவர் நைனாவின் சட்டைப் பையைச் சுட்டினார். "அதுல என்ன பெரியவரே?"

"பிரஷர் மாத்திரம்மா. டெய்லி துன்றேன்."

"ஊர்ல யாருக்கும் தெரியாம ஒளிச்சு வெச்சா சாப்பிடறீங்க?"

"அதுல இன்னாம்மா வெக்கம்? எல்லாத்துக்கும்தான் கீது."

"அப்புறம் ஏன் அதை உண்டியல்ல போடல?"

நைனா சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு மெல்லக் குழந்தையைப் பார்த்தார். "ஏன்டா," என்றார் என்னிடம், "என்கிட்ட சொல்லியிருந்தா நான் போட்டிருப்பனா?" அப்பாவின் அறியாமையைப் பற்றி ஜெர்மன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்தது என்று பஸ்ஸிலேயே ஒரு பக்கம் நினைத்திருந்தேன். அந்த மாத்திரைப் பெட்டியை உண்டியல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது என் வெட்கம்தான்.

ஜெர்மனி திரும்பியதும் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு அளவு சரியாக இருந்தது. டாக்டர் அம்மாளுக்குக் குழந்தையின் மொட்டைத் தலைதான் கவலை. "முடி கொட்டியிருக்கிறதே, எப்போதிலிருந்து?" என்றார். கொட்டவில்லை, கடவுளுக்குக் கொடுத்தோம் என்றேன். கணினியில் எதையோ பாதி தட்டிவிட்டு அழித்தார். மாத்திரைப் பெட்டி ஏன் மாறியது என்று கேட்டபோது, அதையும் கடவுளுக்குத்தான் கொடுத்தோம் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் அதைத் தட்டவே முயலவில்லை.

இப்போது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நைனாவே சொல்லிவிட்டார். எங்களுக்குக் காலை ஆறு மணி ஆனால் சித்தூரில் பத்தரை. வெளியே இருட்டும் பனியுமாக இருக்கும்போது போனுக்குள் பளீரென்று வெயில் அடிக்கும். நைனா தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்திருப்பார். தன் பிரஷர் மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்டி, "தாத்தா துன்றேன் பாரு, நீயும் துன்னு," என்பார். ஹாசினி அவரைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கிறாள். அந்த நேரம் பார்த்து நான் இந்தப் பக்கத்திலிருந்து ஸ்பூனை வைத்துவிடுகிறேன். மருந்தை விழுங்கிய பிறகும் அவள் வாயைத் திறந்தபடியே போனை நோக்கிச் சாய்கிறாள், அங்கிருந்து இன்னும் வர வேண்டியது இருப்பதுபோல.