மாமா ரிப்பேர் பார்த்த ஜீப்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஓடுகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அந்தப் படிப்பு எனக்கு ஏழு வயதில், நடவு வயல் வரப்பில் கிடைத்தது.

எங்கள் ஊர்ப் பண்ணையின் காரியக்காரரிடம் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப் ஒன்று இருந்தது. வாய்க்கால் கரைச் சேற்றில் அது ஒன்றுதான் இறங்கும். மதகடி திரும்பும்போதே 'டக்கு டக்கு' என்று கேட்டுவிடும். பூவரச மரத்துத் தூளியில் கிடக்கும் தம்பிக்கு அம்மா வரப்பேறிப் பால் கொடுப்பாள். சத்தம் கேட்டதும் அவனை என் மடியில் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கிவிடுவாள். காரியக்காரர் வந்து பார்க்கும்போது எல்லா முதுகும் குனிந்திருக்கும். வேலை நேரத்தில் வரப்பில் இருப்பவளை அன்றே கூலியில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிற மனிதர் அவர்.

ஒருநாள் ஜீப் இழுக்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. மாயவரத்தில் பட்டறை வேலை பார்த்த என் மாமாவை, அம்மாவின் தம்பியை, வரவழைத்தார்கள். மாமா எஞ்சின் மூடியைத் திறந்து எனக்குக் காட்டினார். ஏற்றமரம் போல, ஒரு முனை எழுந்தால் மறுமுனை அழுத்துகிற சின்னச் சின்ன இரும்புக் கைகள். ராக்கர் என்றார். அவை கோத்திருந்த தண்டு தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. வால்வு சரியாகத் திறக்காததும் அந்தத் தட்டலும் அதனால்தானாம். இரண்டு நாள் உட்கார்ந்து தண்டையும் கைகளையும் மாற்றினார். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள் மெல்லிய தகட்டை விட்டு விட்டுப் பார்த்து, ஒவ்வொரு திருகாக அளவு வைத்தார். முடித்தபோது, வண்டி ஓடுகிறதா என்று மேலே கையை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காரியக்காரர் மாமாவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். மாமா அந்த முதுகைப் பத்து நாளைக்குக் கழுவமாட்டார் போல நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை ஜீப் பூனை மாதிரி வந்து பூவரச மரத்தடியில் நின்றது. அம்மா மடியில் தம்பி. பக்கத்து வீட்டு அத்தை அப்போதுதான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். காரியக்காரர் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். "இன்னொரு தடவை பாத்தேன், அறுப்பு வரைக்கும் இந்தப் பக்கமே வரக்கூடாது."

சாயங்காலம் மாமா பாராட்டு வாங்க வந்தார்.

"எப்படிக்கா வண்டி? சத்தம் கேட்டிச்சா?"

"கேட்டாத்தானேடா! கேக்காம வந்துதானே என்னைப் பிடிச்சாரு. பழைய மாதிரி தட்ட வை."

"என்னக்கா பேசுறே? கெட்டதைச் சரி பண்றவன்க்கா நான்."

"பிள்ளை பசியிலே அழுவுது. உன் வால்வு வந்து பால் குடுக்குமா?"

"என் கையாலே கெடுக்கமாட்டேன். ஊரு சிரிக்கும்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை, "அப்ப நீங்களே வந்து நாத்து நடுங்க தம்பி. சத்தமில்லாம நடலாம்" என்றாள். மாமா சாப்பிடாமலே போய்விட்டார்.

அடுத்த நாள், புதுசாகப் போட்ட சாமான் ஓடிப் படிந்திருக்கும், ஒருதரம் பார்க்க வேண்டும் என்று சொல்லி, வயலோரம் நின்ற ஜீப்பின் மூடியைத் திறந்தார் மாமா. சேற்றில் குனிந்திருந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். தகட்டை எடுக்கவேயில்லை. ஒரே ஒரு திருகை அரைச் சுற்று திருப்பினார். இறுக்குகிறார் என்றுதான் நினைத்தேன். கிளப்பியதும் 'டக்கு டக்கு'.

"நேத்து நல்லாத்தானடா இருந்திச்சு!" என்று காரியக்காரர் குதித்தார். "உன்னை எவண்டா பட்டறையிலே சேத்தான்? மாட்டுக்கு லாடம் கட்டப் போ!"

"பழைய எஞ்சினுங்க ஐயா. இதுக்கு மேல அடங்காதுங்க." மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வயலில் அத்தனை பெண்களும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாற்று முடியை அவிழ்க்கத் தெரியாதவள் போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

அந்த நடவு முடியும்வரை தம்பி வயிறு நிறையக் குடித்தான். நான் மட்டும் வெகுகாலத்துக்கு, என் மரப்பாச்சியின் கை கழன்றால்கூட மாமா கண்ணில் படாமல் ஒளித்துவைப்பேன். கொடுத்தால் கெடுத்துவிடுவாரே.