தேத்தண்ணியில் போடாத சீனி

இப்போது இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டிக்கொண்டால் அதுவே இன்சுலினை ஏற்றிவிடுமாம். என் பேத்தி வயதுப் பிள்ளைகள் அதோடு ஓடி விளையாடுகிறார்கள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன! எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பதினாலு வயதில் எனக்குச் சீனி வியாதி வந்தபோது இருந்ததெல்லாம் ஒரு கண்ணாடி ஊசியும், அதைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் டாக்டரய்யாவும்தான். டாக்டர் என்பது மரியாதைக்கு. தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்த்துக்கொண்டவர் அவர். தினமும் காலையில் மலையேறிப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

"இனிமே புள்ளைக்குத் தேத்தண்ணியில சீனி போடாதீங்க" என்று முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"எங்க வீட்டுல யாருங்க ஐயா போடுறா?" என்றாள் அம்மா.

அது சத்தியம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எவரும் தேத்தண்ணியில் சீனி போட்டதில்லை. உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. அப்படித்தான் குடிப்போம். பிள்ளை இளைத்துப் போனாளே என்று என் கையில் மட்டும் அம்மா கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள்.

ஐயா என் மூத்திரத்தை நீல மருந்தில் கலந்து சூடாக்கிப் பார்ப்பார். நீலமாகவே நின்றால் நல்லது. எனக்கோ எப்போதும் சீனி கூடிய செங்கல் நிறம். ஊசியின் அளவை ஏற்றினார். மறுபடியும் செங்கல். இன்னும் ஏற்றினார். "களவாத் திங்கிறியா?" என்று முறைத்தார். எனக்கு வந்ததே கோபம்! "அம்மா குடுக்கிறததான் திங்கிறேன்!" என்று கத்திவிட்டு வந்தேன்.

ஒரு நாள் லயத்தில் யாரோ காய்ச்சலாகக் கிடக்க, பார்க்க வந்த ஐயா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். நான் கையை நக்கிக்கொண்டிருந்தேன்.

"அடிப்பாவி! என்னா திங்கிற?"

"தேத்தண்ணியில போடலீங்களே ஐயா!" என்றாள் அம்மா, பெருமையாக.

ஐயா தலையில் அடித்துக்கொண்டார். "சீனி இவளுக்கு வெசம்! கண்ணுலயே காட்டாதீங்க!"

அம்மா அந்த நிமிடமே சீனி டின்னைப் பக்கத்துக் காம்பராவில், சுவருக்கு அந்தப் புறத்து அறையில், இருந்த அத்தையிடம் கொடுத்துவிட்டாள். ஏற்றிய ஊசி அளவை இறக்க வேண்டுமே என்று ஐயாவுக்குத் தோன்றவில்லை.

அடுத்து நடந்தது எனக்கு அத்தை சொல்லித்தான் தெரியும். ஊசி போட்டுக்கொண்டு வந்தவள் அந்தக் குளிரில் வியர்த்துக் கொட்டினேனாம். கை நடுங்கியதாம். வாய் குழறக் குழற, கங்காணி தொடங்கி ஒருவர் விடாமல் திட்டினேனாம். அம்மாவைச் சனியன் என்றேனாம். "பேய் புடிச்சிருச்சுடி!" என்று அத்தை திருநீறு எடுக்க ஓட, யாரோ ஐயாவைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

வந்தவர் என்னைப் பார்த்ததும் கூவினார். "சீனி! சீனி கொண்டாங்க!"

அம்மா இரண்டு கையையும் விரித்து என்னை மறைத்துக்கொண்டு நின்றாள். "வெசம்னீங்க! இப்பக் குடுக்கச் சொல்றீங்க! பைத்தியம் ஒங்களுக்கா எனக்கா?"

"இப்பக் குடுக்கலேன்னா செத்துப்போயிருவா!"

அவ்வளவுதான். அம்மா அத்தை வீட்டுக்குள் பாய்ந்து டின்னைப் பிடுங்கி வந்தாள். எனக்கு நினைவு திரும்பியபோது மூஞ்சியெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. அம்மா, "தின்னுடி தங்கம், தின்னு" என்று அழுதுகொண்டிருந்தாள்.

ஐயா ஊசியைக் குறைத்தார். மருந்து கூடிப்போனால் சீனி இறங்கிவிடும், வியர்க்கும், காரணமில்லாமல் கோபம் வரும், உடனே வாயில் சீனியைப் போடுங்கள் என்று அம்மாவுக்கு விளக்கினார். கோபத்தைப் பற்றி மட்டும் அவர் சொல்லியிருக்கக் கூடாது. நான் பிறவிக் கோபக்காரி. தம்பியை அதட்டினால் வாயில் சீனி. அத்தையை முறைத்தால் சீனி. நீல மருந்து மறுபடியும் செங்கல் ஆனது.

வழியில் விழுந்துவிடுவேன் என்று பயந்து அம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்தும் நிறுத்திவிட்டாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு காலையில் வெடித்துவிட்டேன். "என்னையப் பூட்டியே வைக்கப்போறியா? நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

சீனியோடு ஓடி வந்தாள். தட்டிவிட்டேன்.

"தொட்டுப் பாரு! வேர்க்கல, நடுங்கல. இது நெசக் கோவம்!"

அம்மா என் நெற்றியைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் கொட்டிக் கிடந்த சீனி மேலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"அப்பாடி! திட்டுடி, என் ராசாத்தி. இன்னும் நல்லாத் திட்டு."